வெறுந்தாளில் வைத்த கைநாட்டு

போன வாரம் உங்கள் ஆபீஸில் செக் கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் தம்பியின் செக்கை வாங்க வந்திருந்தார். தம்பி கொடுத்த கடிதம் எங்கே என்று உள்ளே இருந்த இளைஞர் கேட்டார். "நான் அவனோட சொந்த அண்ணன். மூஞ்சியப் பாத்தா தெரியலியா?" என்று அவர் குதித்தார். உள்ளே இருந்தவர் பாவம், மேலதிகாரி இருக்கும் திசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசியில் கடிதம் இல்லாமல் செக் கிடையாது என்று சொல்லிவிட்டார். வந்தவர் வாசல்படி இறங்குகிற வரைக்கும் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அந்த இளைஞர் இதைப் படித்தால் நிம்மதியாக இருக்கட்டும். அவர் செய்ததுதான் சரி. அவர் வயதில் நான் அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன். ஊரே என்னைத் தங்கம் என்றது. அந்தத் தங்கம் ஜெயிலுக்குப் போகாமல் தப்பியது எப்படி என்பதை, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. புதுச்சேரியில் அப்போது வீட்டுக்கு ஒருவர் வியட்நாமில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் இருந்தார் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. நான் வேலை பார்த்த வியாபாரக் கம்பெனிக்கு அங்கேதான் தலைமை அலுவலகம். அங்கே கிடங்கிலும் படகிலும் வேலை செய்த நம் ஊர் ஆட்கள், சம்பளத்தில் ஒரு பகுதியை இங்கே குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருப்பார்கள். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி, மனைவி பெயருக்கோ தாய் பெயருக்கோ செக் தயாராக இருக்கும்; யார் கொண்டுபோய் நீட்டினாலும் பணமாகும். அதைக் கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். வயது இருபத்தாறு. பெயர் அந்துவான். எல்லோருக்கும் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா.

நேரில் வர முடியாதவர்கள் வேறு ஒருவரை அனுப்பலாம். அதற்கு அதிகாரக் கடிதம் வேண்டும். எங்கள் பிரெஞ்சுத் துரை அதைப் புரோக்குராசியோன் என்று மூக்கால் சொல்வார். யார் சார்பில், யார் வருகிறார், எந்த மாதத்துச் செக் என்று எழுதி, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு செக்குக்கு ஒரு கடிதம். வந்தவரும் எங்கள் பதிவேட்டில் வாங்கிக்கொண்டதாகக் கை வைக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

காகிதத்தில் பார்த்தால் சுலபம். காலாப்பட்டிலும் பிள்ளைச்சாவடியிலும் இருக்கிற பெண்களுக்கு அது சுலபமில்லை. எழுதத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், அவர் கையைப் பார்க்க வேண்டும், சாட்சிகளைக் கூப்பிட வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டோடு இருக்கிறவள் இதற்கெல்லாம் எங்கே போவாள்? கடிதம் இல்லாமல் யாரையாவது அனுப்புவாள். நான் திருப்பி அனுப்புவேன். அவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்த்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அதனால் ஒரு யோசனை செய்தேன். என் மேதாவித்தனத்தைப் பாருங்கள். அவர்கள் நேரில் வருகிற நாளில், வெறும் தாள் நாலைந்தைக் கொடுத்து அடியில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு எந்த மாதம் அவர்கள் சார்பில் யார் வந்தாலும், ஒரு தாளை எடுத்து வந்தவர் பெயரை நானே எழுதிவிடுவேன். சாட்சிகள் இடத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் இரண்டு பேர் முகத்தைக்கூடத் தூக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். வேலை பஞ்சாகப் பறந்தது. பெண்கள் என்னை வாழ்த்தினார்கள். என் மேசை இழுப்பறையில் நாற்பது தாளுக்கு மேல் சேர்ந்தது, எல்லாம் வெறுமையாக, எல்லாவற்றின் அடியிலும் ஒரு கட்டைவிரல்.

நல்லவன் என்று பெயர் எடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசி எனக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரே ஒருத்தி மட்டும் மசியவில்லை. சேதராப்பட்டு அஞ்சலை. நாற்பது வயது இருக்கும். புருஷன் சைகோன் கிடங்கில் காவல்காரர். மாடு, கொல்லை எல்லாவற்றையும் தனி ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மைல் நடந்து வருகிறவளாயிற்றே என்று முதலில் அவளிடம்தான் தாளை நீட்டினேன்.

"இதுல இன்னா எழுதியிருக்குது முசே?"

"ஒண்ணும் எழுதலம்மா. அப்புறம் எழுதிக்குவேன்."

"அப்ப நானும் அப்புறம் வெச்சிக்கிறேன்."

அப்புறமும் வைக்கவில்லை. மழையோ வெயிலோ, ஐந்தாம் தேதி அவள் வந்து நிற்பாள். பதிவேட்டில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கட்டைவிரலை மையில் தொடுவாள். எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். ஊரே நம்புகிறது, இவளுக்கு மட்டும் நான் திருடனா என்று.

அந்த வருஷம் ஆகஸ்டு மாதம், பிள்ளைச்சாவடி பூரணியின் செக்கை வாங்க அவள் கொழுந்தன் ஏழுமலை வந்தான். அவனைக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன், கட்டுமரத்தில் போகிறவன். அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றான். பூரணியின் தாள் என்னிடம் இருந்தது. எடுத்தேன், அவன் பெயரை எழுதினேன், செக்கைக் கொடுத்தேன். பதிவேட்டில் அவன் கை வைக்கவில்லை. பூரணியின் கைநாட்டே இருக்கும்போது இவனுடையது எதற்கு என்று அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் பூரணியே வந்தாள். "போன மாசத்து செக்கு?" என்று கேட்டாள்.

"ஒன் கொழுந்தன்கிட்டதான் குடுத்து அனுப்பினேனே?"

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் அவள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர் நின்றார்கள். இருந்த செக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான். கூட ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போகவே இல்லை. ஏழுமலையை அவள் அனுப்பவும் இல்லை. அந்த மாதம் செக் வரவில்லை என்று அவன் சொன்னதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, காதுத் தோட்டை அடகு வைத்து அந்த மாதத்தை ஓட்டியிருக்கிறாள். ஊருக்கு நடுவில் கொழுந்தனோடு சண்டை போட முடியாமல், ஆள் வைத்து சைகோனுக்குக் கடிதம் எழுதிவிட்டாள். புருஷன் நேராக மேலிடத்தில் போய் நின்றுவிட்டான்.

ஐப்பசியில் கப்பல் ஏறி ஒரு தணிக்கைக்காரர் வந்து இறங்கினார். காரைக்காலில் பிறந்து இருபது வருஷம் சைகோனில் இருந்தவர். குரலை உயர்த்தாத மனிதர். அந்த வகை ஆட்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். நேராக என் இழுப்பறையைத் திறந்தார். தாள் கட்டை வெளியே எடுத்து, ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன, முசே அந்துவான்?"

நான் விளக்கினேன். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது களவாணி பேசுவது போலக் கேட்டது. ஏழுமலையை ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "நா இந்த ஜன்னலுக்கு வந்ததே இல்லீங்க. அவரே எழுதிக்கினு அவரே எடுத்துக்கினு இருப்பாரு." பதிவேட்டில் அவன் கை இல்லை. தாளில் இருந்த எழுத்து முழுக்க என்னுடையது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட என் நண்பர்கள் இருவரும், யாரையும் பார்த்ததாக நினைவில்லை என்றார்கள். அது உண்மையும்கூட.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். கம்பெனி உத்தியோகம் என்றுதான் பெண் கொடுத்திருந்தார்கள். வேலை போவதோடு முடியாது, போலீசில் ஒப்படைப்போம் என்று துரை சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. அவளாக எதையும் கேட்காமல் மோர் கொண்டுவந்து வைத்தாள். அது இன்னும் வதைத்தது.

அடுத்த ஐந்தாம் தேதி, செக் வாங்க வந்த எல்லோரையும் நிறுத்தி வைத்துத் தணிக்கைக்காரர் விசாரித்தார். என் நாற்காலியில் அவர். பின்னால் துரை. நான் ஜன்னலுக்கு வெளியே, பெண்களோடு பெண்களாக. ஏழுமலை சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

காலாப்பட்டுக்காரி ஒருத்தியைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"இது உங்க கைநாட்டா?"

"ஆமாங்க."

"மேலே ஒண்ணும் எழுதலியே. ஏன் வச்சீங்க?"

"முசே வெக்கச் சொன்னாரு. இன்னும் பத்து தாளு குடுத்தாலும் வெப்பேங்க. தங்கமான புள்ள."

"வைக்கலன்னா செக் குடுத்திருப்பாரா?"

அவள் யோசித்தாள். "அது எனக்கு எப்பிடிங்க தெரியும்? நா வெக்காம இருந்ததில்லியே."

தணிக்கைக்காரர் எழுதிக்கொண்டார். அடுத்தவளும் இதையே சொன்னாள். அதற்கடுத்தவள் என்னை மகராசன் என்றாள். என் மேல் இருந்த பிரியத்தில் ஒவ்வொருத்தியாக வந்து ஆளுக்கு ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுப் போனார்கள். பூரணி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "கைநாட்டு வெச்சது நெசங்க. யாருகிட்ட குடுக்கணும்னு நா சொல்லல," என்றாள். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அப்போதுதான் வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"செக்கு குடுப்பீங்களா மாட்டீங்களா? மழ வர்றதுக்குள்ள நா வூடு போய்ச் சேரணும். மாடு கட்டிக் கெடக்குது."

அஞ்சலை. எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உயிரும் போயிற்று. பிரியமானவர்கள் சொன்னதே இந்த லட்சணம் என்றால், இவள் என்ன சொல்லப் போகிறாள்?

தணிக்கைக்காரர் கட்டைப் புரட்டினார். "உங்க தாள் இதுல இல்லியேம்மா?"

"நா வெக்கல. வெச்சப்புறம் அதுல இன்னா எழுதுவாங்கன்னு யாரு கண்டா?"

"அதுக்காக இவர் உங்க செக்கை நிறுத்தினாரா?"

"நிறுத்தல. மாசாமாசம் குடுத்துட்டாரு. ஒரே ஒரு வாட்டி கடுப்புல மத்தியானம் வரைக்கும் நிக்க வெச்சாரு."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது உண்மை. அன்று அவள் பேச்சு ஏதோ சுருக்கென்று பட்டு, வேண்டுமென்றே கடைசி வரை அவளைக் கூப்பிடாமல் இருந்தேன்.

"அது எந்த மாசம்?"

"பதினெட்டாம் பெருக்கு முடிஞ்சி மூணாம் நாளு. வெதக்கிற வேலைய வுட்டுட்டு வந்து, கால் கடுக்க நின்னேன். வேற வேல இல்லாம வர்றவங்க போறவங்க அல்லாரையும் பாத்துக்கினு நின்னேன்." கையை நீட்டினாள். "இதோ நிக்கிறானே, இவன் எனக்கு அப்புறம் வந்து எனக்கு முன்னால வாங்கிக்கினு போனான். அதான் வயித்தெரிச்சல்ல மூஞ்சி மறக்கல."

"பொய்யிங்க!" ஏழுமலை ஓரடி முன்னால் வந்தான். "இந்தம்மாவ நா கண்ணால கண்டதே இல்ல."

"நீ எங்க என்னெ கண்ட? ஒன் கண்ணெல்லாம் முசே மேலதான இருந்துது. ஓலையில சுத்தி மீனு குடுத்தல்ல? வாங்கி மேசைக்கி அடியில வெச்சாரே!"

இதுவரை உங்களிடமும் நான் மறைத்த ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த மீன்தான். ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் ஒரு வாழைப்பழம் வாங்கினாலும் வேலை காலி என்பது கம்பெனி விதி. நான் பூசணிக்காய் வாங்கியிருக்கிறேன், கருவாடு வாங்கியிருக்கிறேன். அன்பாகக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசாரணையில் ஏழுமலை வந்தான் என்று நூறு தடவை சொன்னவன், மீனை மட்டும் விழுங்கிவிட்டேன்.

தணிக்கைக்காரர் என்னைப் பார்த்தார். "மீன் வாங்கினீங்களா?"

நண்பர்களே, உங்கள் உத்தியோகத்தில் இப்படி ஒரு கேள்வி ஒரு தடவையாவது வரும். இல்லை என்றால் அஞ்சலை பொய்க்காரி ஆகிவிடுவாள், எனக்கிருந்த ஒரே சாட்சி போய்விடும். ஆமாம் என்றால் வேலை போவது நிச்சயம், அதற்கு மேல் கிடைப்பது சந்தேகம். இவ்வளவும் இன்று உட்கார்ந்து யோசித்து எழுதுகிறேன். அன்று இவ்வளவு கணக்கெல்லாம் ஓடவில்லை. எட்டு மைல் நடந்து வந்து, என்னைப் பற்றி நல்லதையும் கெட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன ஒருத்தியை என் வாயால் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

"வாங்கினேன்," என்றேன்.

துரை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஏழுமலை, "ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு சொல்றாங்க," என்று கத்தினான்.

அஞ்சலை அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஒண்ணும் பெரிய மீனு இல்லீங்க," என்று தணிக்கைக்காரரிடம் எனக்குப் பரிந்து பேசுகிற மாதிரி சொன்னாள். "எங்க ஏரியில கெடைக்கிற கெண்ட மாதிரி ஏதோ ஒண்ணு. பழசு போலக்குது, நாத்தம் வேற."

"கெண்டையா?" ஏழுமலைக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. "எம்மா, கண்ணு தெரியுதா ஒனக்கு? கொடுவா அது! வெடிகாலையில நானே புடிச்சி எடுத்தாந்தது. நாறுதாம்ல!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. தணிக்கைக்காரர் பேனாவை எடுத்து, "கொடுவா," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஏழுமலை அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். வலை கிழிந்துபோய் வேறு வழி தெரியாமல் செய்துவிட்டேன் என்று அழுதான். அவனையும் முழுக்கக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கையில் கொடுத்ததைத்தானே கொண்டுபோனான்.

பூரணிக்கு அன்றைக்கே கம்பெனி வேறு செக் எழுதிக் கொடுத்தது. ஏழுமலை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்க்க ஒப்புக்கொண்டான். மீனை மறைக்காமல் ஒப்புக்கொண்டானே என்று தணிக்கைக்காரர் எடுத்துச் சொன்னதில் எனக்கு வேலை தப்பியது. ஆனால் ஆறு மாதம் ஜன்னல் பக்கம் வரக்கூடாது, பின்னறையில் காகிதக் கட்டுகளோடு இருக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த நாற்பது தாளையும் என் கையாலேயே கிழிக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் நாலாகக் கிழித்தேன்.

அஞ்சலைக்கு நன்றி சொல்லலாம் என்று வாசல் வரைக்கும் ஓடினேன். "ஒங்களுக்காவ சொல்லல முசே. பாத்தத சொன்னேன்," என்றாள். செக்கை முந்தானையில் முடிந்துகொண்டு வடக்கே நடந்துவிட்டாள்.

திரும்ப ஜன்னலுக்கு வந்தபோது நான் வேறு ஆளாக இருந்தேன். கடிதம் இருக்கிறதா, யார் பெயர், எந்த மாதம், சாட்சி யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். வந்தவர் கைநாட்டு இல்லாமல் ஒரு துண்டுக் காகிதம் என் கையைவிட்டுப் போகவில்லை. முன்பு தங்கம் என்றவர்கள் இப்போது முசேக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றார்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பாடு நன்றாக இறங்கியது.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் ஓர் ஐந்தாம் தேதி, அஞ்சலை வரவில்லை. என் நினைவில் அவள் வராத முதல் மாதம். உச்சி நேரத்துக்கு அவள் ஊர் வண்டிக்காரர் ஒருவர் வந்து மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். அதிகாரக் கடிதம். எழுத்து யாருடையதோ, குண்டு குண்டாக இருந்தது. அஞ்சலையாகிய நான் காய்ச்சலில் படுத்திருப்பதால், என் புருஷன் கணக்கில் வந்த அக்டோபர் மாதச் செக்கை என் சார்பில் இன்னாரிடம் கொடுக்கவும். இரண்டு சாட்சிகள். அடியில் கைநாட்டு, மை கலையாமல், சுத்தமாக.

"செக்கை உங்ககிட்ட குடுக்கணும், அவ்வளவுதானே?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"என்கிட்ட இல்லீங்க. பேர நல்லாப் படிச்சிப் பாருங்க."

படித்துப் பார்த்தேன். ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் முசே அந்துவான் வசம் கொடுக்கவும் என்று இருந்தது.

தாளைத் துரையிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். விதியில் இதற்குத் தடை ஏதும் இல்லை என்றார். என்னை ஜன்னலுக்கு வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, அவரே என் நாற்காலியில் உட்கார்ந்து செக்கை நீட்டினார். பதிவேட்டில், வாங்கிக்கொண்டவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார் வண்டிக்காரர். ஏறிக்கொண்டேன்.

அஞ்சலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். செக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். வாசித்தேன்.

"நோட்டுல கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டேன்."

"எங் கடுதாசி?"

"ஆபீஸ் கட்டுல இருக்கு."

"அத வெச்சிக்கினு அடுத்த மாசமும் வாங்கிடப் போறீங்க."

"எப்பிடி வாங்குறது? இந்த ஒரு செக்குக்கு மட்டும்னு அதுல எழுதியிருக்கே."

"நாதான் எழுதச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திரும்பி வர வண்டி இல்லை. கொட்டுகிற மழையில் எட்டு மைல் நடந்தேன். செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது, வேட்டி முழங்கால் வரைக்கும் செம்மண். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. நாற்பது வெறுந்தாள் கைக்கு வந்தபோதுகூட, ஒருவரும் என்னை இவ்வளவு நம்பியதில்லை.